சபைக் காசும் சீட்டும் டொலரும்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபைக்கு நான் பொருளாளர். ஆபிரிக்காவில் ஒரு மிஷன் மருத்துவமனையின் பிரசவ விடுதிக்கு 15 இலட்சம் ரூபாய் சேர்க்கத் தீர்மானித்திருக்கிறோம். 60 குடும்பம், குடும்பத்துக்கு 25,000. ஒரு வருடம் சீட்டுப் பிடித்து மொத்தமாக அனுப்பலாம் என்கிறார் ஒருவர். வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் காசு மாற்றும் உண்டியலில் அனுப்பினால் செலவு குறைவு என்கிறார் இன்னொருவர். நாங்கள் என்ன செய்வது, ஐயா?

பதில்: உண்டியல் கதையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒரு பக்கம். ரசீது இல்லாத காசுக்குச் சபையில் என்ன கணக்குக் காட்டுவீர்கள்? வங்கியால் அனுப்புங்கள். மருத்துவமனையின் கடிதத்தையும் உங்கள் கூட்டத் தீர்மானத்தையும் எடுத்துக்கொண்டு, சேர்க்கத் தொடங்க முன்னரே முகாமையாளரைப் போய்ப் பாருங்கள். சேர்த்த பிறகு ஆவணம் போதாது என்றால் தலையிடி உங்களுக்குத்தான்.

சீட்டும் வேண்டாம். முதலில் எடுத்தவர் பாதியில் கட்டாமல் விட்டால் யாரைப் பிடிப்பது? எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் கட்டடக் காசு அப்படித்தான் சிக்கியது. கேட்கப் போனவர்களுக்குத் தேத்தண்ணி கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. சபையின் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையொப்பம், அவ்வளவு போதும்.

ஒரு வருடம் வைத்திருந்து அனுப்புவதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது. மே மாதம் 360 வரை போனது. அதே 15 இலட்சம் ஏறக்குறைய 7,400 டொலராக இருந்தது 4,200க்கு இறங்கிவிட்டது. அதற்காக மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கட்டணம் தின்றுவிடும். இரண்டு மூன்று தவணை போதும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற உங்கள் சனம் உங்களுக்கு அனுப்பி, நீங்கள் திரும்ப வெளியே அனுப்புவது வீண் வேலை. இரண்டு தரம் மாற்றி இரண்டு தரம் கட்டணம். அந்த மருத்துவமனைக்குப் பிரித்தானியாவில் பதிவான தொண்டு நிறுவனம் இருந்தால் அங்கேயே கொடுக்கட்டும். வரி கட்டுகிறவர் 'கிஃப்ட் எயிட்' படிவம் நிரப்பினால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை அந்த நிறுவனம் அரசிடமிருந்து எடுத்துக்கொள்ளும். கனடாவிலும் பதிவான நிறுவனம் என்றால் வரிப் பற்றுச்சீட்டுக் கிடைக்கும்.

இனி அந்த 25,000. எனக்கு உறுத்துவது அதுதான். ஆசிரியர் வீட்டுக்கும், கூலிக்குப் போகும் பெண் தனியாகப் பிள்ளை வளர்க்கும் வீட்டுக்கும் ஒரே தொகையா? பெயர்ப் பட்டியலைச் சபையில் வாசித்தால் அவள் தோட்டை அடகு வைத்தாவது கட்டுவாள். நுண்கடன் வன்னிப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று நான் சொல்ல வேண்டுமா? 2018இல் அரசே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. தொகையைப் பொதுவாக வையுங்கள், ஆளுக்கு இவ்வளவு என்று வேண்டாம். காசு போடுகிற கடிதஉறையில் பெயரும் வேண்டாம்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசியில் விதைநெல், உழவுகூலி, உரம் என்று எல்லோர் கையும் வெறுமை. மாசி, பங்குனியில் நெல் வித்த காசு இருக்கும். அறுப்பின் பண்டிகைக்குச் சனம் காணிக்கையாகக் கொண்டுவரும் பொருட்களை ஏலம் விடுகிற காசை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு சபையில் பார்த்தேன், ஒரே பூசணிக்காய் நாலு தரம் ஏலம் போனது. முதலில் எடுத்த மூன்று பேரும் திரும்ப மேசையில் வைத்துவிட்டார்கள். நாலாவது ஆள்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். சமைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கிற பிடியரிசியும் வைக்கலாம். 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஜோன் ஸ்கடர் வைத்தியம் தொடங்கியபோது கடல் கடந்து அமெரிக்கச் சபைகளின் காசு வந்தது. இப்போது இங்கிருந்து போகிறது, அது எனக்குச் சந்தோஷம்தான்.

ஏலம் முடிந்த அன்றே, சனம் கலைய முன்னர், எண்ணிய தொகையை இரண்டு பேர் கையொப்பத்தோடு பலகையில் ஒட்டிவிடுங்கள். 15 இலட்சம் சேராவிட்டால், சேர்ந்ததுக்கு எத்தனை கட்டில் வாங்கலாம் என்று மருத்துவமனையைக் கேட்டு எழுதுங்கள்.