இரண்டு முறை கரு பதியவில்லை, பாக்டீரியாதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஐ.வி.எஃப். சிகிச்சையில் இரண்டு முறை நல்ல தரமான கரு வைத்தும் பதியவில்லை. கருப்பையில் கெட்ட பாக்டீரியா இருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்கிறார்கள். நான் தினமும் திரவம் போட்டு உள்ளே வரை கழுவிச் சுத்தமாகத்தான் இருக்கிறேன். பிறகு எப்படி வரும்?

பதில்: முதலில் அந்தக் கழுவுதலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தப்பு செய்துவிட்டதாக வருந்த வேண்டாம், நல்லது என்று நம்பித்தானே செய்தீர்கள். பிறப்புறுப்பின் உட்பாதையில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை லாக்டிக் அமிலம் சுரந்து, அந்த இடத்தின் பி.ஹெச். (புளிப்புத்தன்மையைக் காட்டும்) அளவை 4.5-க்குக் கீழே வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் பெருகுவது கடினம். உள்ளே கழுவக் கழுவ, காவலுக்கு நிற்பவர்களையே விரட்டிவிடுகிறோம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

லாக்டோபேசில்லஸ் குறைந்து கார்ட்னெரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகுவதைத்தான் 'பாக்டீரியல் வெஜைனோசிஸ்' என்கிறோம். மீன் வாடையோடு நீர்த்த வெள்ளைப்படுதல் இருக்கலாம். ஆனால் பாதிப்பேருக்கு அறிகுறியே இருப்பதில்லை. இது உள்ள பெண்களுக்கு ஆரம்பகாலக் கருச்சிதைவு சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாதாரண ஸ்வாப் டெஸ்டிலேயே தெரிந்துவிடும். இருந்தால் மெட்ரோனிடசோல் அல்லது கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் தருவோம்.

உங்களிடம் சொல்லப்பட்டது இதைவிட விரிவான, கருப்பைக்குள் இருக்கும் பாக்டீரியாக்களின் மரபணுவைப் படிக்கும் பரிசோதனையாக இருக்கும். 2016-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், கருப்பையில் லாக்டோபேசில்லஸ் 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களிடம் கரு பதிவது குறைந்ததாகக் கண்டார்கள். ஆய்வில் இருந்தவர்களோ வெறும் 35 பேர். பிறகு டென்மார்க்கில், பிறப்புறுப்புப் பாதையில் பாக்டீரியாச் சமநிலை கெட்டிருந்த ஐ.வி.எஃப். பெண்களுக்கு கிளிண்டமைசினும், சிலருக்கு அதோடு நல்ல பாக்டீரியாவும் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பம் தரித்தவர்கள் கூடவில்லை. அதனால் அந்த டெஸ்டுக்கோ, நல்ல பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக் மாத்திரைகளுக்கோ இப்போது நீங்கள் பணம் செலவழிப்பதை நான் விரும்பவில்லை.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது வேறு. கருப்பை உட்சுவரில் சத்தமில்லாமல் நீடிக்கும் அழற்சி ஒன்று உண்டு, 'க்ரானிக் எண்டோமெட்ரைட்டிஸ்'. பெரும்பாலும் வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, சிடி138 என்ற சாயமிட்டு அழற்சியைக் காட்டும் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வழக்கமாக டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வாரம். கருக்குழாய்களையும் ஸ்கேனில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எப்போதோ வந்துபோன கிளமிடியா (உடலுறவு மூலம் பரவும் கிருமி) தொற்று குழாயை அடைத்து நீர் கோத்திருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கரு பதிவதைக் கெடுக்கும். அந்தக் குழாயை அகற்றியபின் ஐ.வி.எஃப். வெற்றி கூடுவது நன்றாக நிரூபணமானது.

இன்னொன்று. பார்வைக்கு நல்ல தரமாகத் தெரியும் கருவிலும் குரோமோசோம் கோளாறு இருக்கலாம். கரு பதியாமல் போவதற்கு அடிக்கடி அதுதான் காரணம். அடுத்த கரு வைப்பதற்கு முன்பு, இந்த மூன்றையும் பற்றி உங்கள் மருத்துவரிடம் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஆன்டிபயாடிக்கை மட்டும் நீங்களாக வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அழிக்கும்.