கட்டிலுக்குக் கீழே 300 பிரதி

போன இதழில் என்னுடையது போன்ற சிறு பதிப்பகங்களைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னது என் பிழைதான். கடிதமும் வட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேட்டவர்களை ஒன்றாக்கி, மிச்சத்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

*“ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். மூன்று வருசத்துக்கு முன்னர் என் சிறுகதைத் தொகுப்பைச் சொந்தக் காசில் 500 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழாவில் 140 போனது, கடைகளில் ஒரு 60. மிச்சம் 300 கட்டிலுக்குக் கீழே. இரண்டாவது தொகுப்பு ஆயத்தம். எத்தனை அடிக்கலாம்?” — வாசகர், உப்புவெளி*

சேர், முதலில் அந்த 300ஐயும் கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே எடுங்கள். நானும் அப்படி வைத்தவன்தான். ஒரு கார்த்திகை அடைமழைக்குப் பின்னறையில் தரையோடு வைத்த நாலு பெட்டியைத் தை மாதம்தான் திறந்து பார்த்தேன். மேல் வரிசைப் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தது போலவே இருந்தது. தூக்கினால் அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே முழுக்க மண் சுரங்கம். கறையான் முதுகுப் பக்கத்தில் தொடங்கி முன்னுரை வரை வந்திருந்தது, என் முன்னுரையை அவ்வளவு பொறுமையாக முடித்த வாசகர் வேறு இல்லை.

சரி, எத்தனை என்ற கேள்விக்கு வருகிறேன். அச்சகத்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், “300 அடிச்சாலும் 500 அடிச்சாலும் பெரிய வித்தியாசமில்லை சேர், 500ஆப் போடுங்க.” பொய்யில்லை. ஓப்செட் என்பது பிளேட் என்கிற தகட்டிலிருந்து அடிக்கிற முறை. அதில் பிளேட் செய்கிற செலவு, மெசினைப் பூட்டி நிறம் சரிபார்க்கிற செலவு எல்லாம் முதல் பிரதிக்கு முன்னரே போய்விடும். அதற்குப் பிறகு கூடுவது தாளும் மையும் கட்டுகிற கூலியும்தான், ஆகவே எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் விலை இறங்கும். ஆனால் நாம் பார்க்க வேண்டியது அடித்த பிரதியின் விலையையா, விற்ற பிரதியின் விலையையா? ஒரு பேச்சுக்கு, 500 பிரதிக்கு 2 இலட்சம் என்று வையுங்கள், ஒன்று 400 ரூபா. பிளேட் இல்லாமல் கணினியிலிருந்து நேரே அடிக்கிற டிஜிட்டலில் 100 மட்டும் அடித்தால் ஒன்று 650 என்பான், நமக்கு நெஞ்சு பதறும். விற்றது 180 என்றால் ஓப்செட்டில் விற்ற ஒவ்வொன்றும் உங்களுக்கு 1,111 ரூபாவில் நிற்கிறது. டிஜிட்டலில் அதே 650தான், முதலில் 100, முடிந்ததும் 80, அறையில் பெட்டியும் இல்லை.

வெளிநாட்டில் ‘நிலைபேறான பதிப்பு’ என்று பெரிதாகப் பேசுகிறார்கள். ஐநாவும் சர்வதேச வெளியீட்டாளர் சங்கமும் சேர்ந்து 2020இல் 10 உறுதிமொழியோடு ஓர் உடன்பாடே வெளியிட்டன, பதிப்பகங்கள் கையெழுத்துப் போடுகின்றன. நல்லது. எங்கள் அளவில் முதல் உறுதிமொழி, விற்காததை அடிக்காமலிருப்பது. எந்த நல்ல தாளில் அடித்தாலும் வாசிக்கப்படாமல் உக்கிப்போகிற புத்தகம் வெட்டிய மரத்துக்கு இரட்டை நட்டம்.

இன்னொன்று. விழாவில் போன 140ஐ வாசகர் எண்ணிக்கையாகக் கணக்கெடுக்காதீர்கள். சிறப்புப் பிரதி வாங்கியவர்களின் பெயரை ஒலிவாங்கியில் வாசித்தார்கள், மாமாவும் மச்சானும் பழைய மாணவரும் வரிசையாக வந்து என்வலப்பைத் தந்தார்கள். அது உறவுக்குக் கொடுத்த காசு, குறைத்துச் சொல்லவில்லை, எத்தனையோ நூலின் அச்சுக் கூலி அந்த என்வலப்பில்தான் அடைபட்டிருக்கிறது. இரண்டாவது நூலுக்கும் அதே மச்சான் அதே கனத்தோடு வருவார் என்று மட்டும் நம்ப வேண்டாம். 100 அடியுங்கள்.

*“மறுசுழற்சித் தாளில் அடித்தால் சூழலுக்கு நல்லது என்கிறார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு அது சாத்தியமா? எப்எஸ்சி முத்திரை எப்படிப் போடுவது?” — வாசகி, தம்பலகாமம்*

காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து எடுத்த மரத்தின் தாள் என்று சான்று சொல்கிற அந்த முத்திரையைத் தாள் பொதியில் பார்த்துவிட்டு நம் அட்டையில் அச்சடிக்க முடியாது, தங்கச்சி. காட்டிலிருந்து அச்சகம் வரை கைமாறுகிற ஒவ்வொருவரும் சான்று வாங்கியிருக்க வேண்டும். எங்கள் அச்சகங்களில் அதைக் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், வாழைச்சேனையில், 1950களிலேயே வைக்கோலிலிருந்து தாள் செய்தார்கள். தமிழ்நாட்டில் கரூருக்குப் பக்கத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து 1980களில் தொடங்கி இன்று வரை தாள் வருகிறது. கரும்பு எங்கள் கந்தளாயிலும் இருந்தது, சீனித் தொழிற்சாலையும் இருந்தது, பிறகு அது மூடப்பட்டது. வைக்கோலும் சக்கையும் காலடியில் கிடந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு கப்பலில் வருகிற தாளைப் பார்த்திருக்கிறோம். 2022 மார்ச்சில் தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்களே, அந்த நாட்களில் அச்சகத்தில் காலையில் சொன்ன விலை பின்னேரம் செல்லாது.

ஆகவே கைக்கு எட்டியதைச் செய்வோம். புத்தகம் 16 பக்க மடிப்பாகத்தான் அச்சாகிறது. உங்கள் நூல் 163 பக்கம் என்றால் 176 பக்கத்துக்கான தாள் போகும். மூன்று பக்கத்தைக் குறைத்தால் 160, ஒரு மடிப்பே மிச்சம். எதைக் குறைப்பது என்கிறீர்களா? ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, மதிப்புரை, பிறகு நன்றியுரை. நான் இதற்கு மேல் சொன்னால் ஊரில் பகை வரும்.

அடுத்தது அட்டைக்குப் போடுகிற பளபள லமினேற். அது பிளாஸ்ரிக் படலம்தான். தாளையும் பிளாஸ்ரிக்கையும் ஒட்டிய பிறகு பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும் பாடு. எங்கள் கடற்காற்றில் அட்டையின் உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சும், படலம் போட்ட பக்கம் உறிஞ்சாது, அட்டை அப்பளம் போலச் சுருண்டு எழும்பும். கடையில் போய்ப் பாருங்கள், எங்கள் புத்தகங்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கொஞ்சம் தடித்த, படலம் போடாத அட்டையில் இரண்டு நிறத்தில் அடித்துப் பார்த்தேன். அழுக்குப் பிடிக்கிறது, உண்மைதான். ஒரு நாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிளில் வைத்த புத்தகக் கட்டை ஒரு மான் கரகரவென்று தின்றுகொண்டிருந்தது, கோட்டை மான்கள் ஊருக்குள் அலைவது தெரியும்தானே. இரண்டு பிரதி போனது. அது பொலித்தீன் பை தின்று சாவதைவிட என் அட்டையைத் தின்றது பரவாயில்லை என்று வீட்டுக்கு வந்தேன்.

*“அண்ணன், என் நாவலை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ‘ஆணம்’ என்று எழுதியதையெல்லாம் ‘குழம்பு’ ஆக்கி, ‘மௌத்தானார்’ என்பதைக் ‘காலமானார்’ ஆக்கித் திருப்பி அனுப்பினார்கள். பொது வாசகருக்கு விளங்க வேணுமாம். பன்முகத்தன்மை என்று மேடையில் பேசுகிறவர்களும் அவர்கள்தான். நான் என்ன செய்ய?” — வாசகி, மூதூர்*

திருப்பி மாற்றுங்கள் தங்கச்சி. மாட்டோம் என்றால் நூலைத் திருப்பி வாங்குங்கள்.

அந்தப் ‘பொது வாசகர்’ யார் என்று நானும் கனகாலமாகத் தேடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஆகக் கூடிய தொகையினர் முஸ்லிம்கள், அவர்கள் வீட்டில் ஆணம்தான் கொதிக்கிறது. அப்படியானால் குழம்புக்குத்தானே அடிக்குறிப்பு போட வேண்டும்? உங்கள் நாவலில் ஒரு வீட்டில் மௌத்து விழுந்தால் அடுத்து என்ன நடக்கும், யார் யார் வருவார்கள், எவ்வளவு விரைவாக அடக்கம் செய்வார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லோடு கூட வருகிறது. ‘காலமானார்’ என்று போட்டதும் அது பத்திரிகை மரண அறிவித்தல் ஆகிவிடுகிறது.

சிலி நாட்டுச் சிறு பதிப்பாளர்கள் 1990களில் ‘பிப்லியோடைவர்சிட்டி’ என்றொரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், ‘நூற்பல்வகைமை’ என்று வைத்துக்கொள்ளலாம். 2002இல் பாரிஸில் தொடங்கிய சுதந்திரப் பதிப்பாளர்களின் சர்வதேசக் கூட்டணி அதைக் கையிலெடுத்தது, செப்டெம்பர் 21ஐ அதற்கான நாளாகவும் கொண்டாடுகிறார்கள். எங்கள் கமக்காரருக்கு அந்தச் சொல் தேவையில்லை. ஒரே இன நெல்லை வெட்டை முழுக்க விதைத்தால் ஒரு பூச்சி போதும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழும்பிப்போய் நான் போட்ட நூல்களை அலமாரியில் எண்ணினேன். பெண்கள் எழுதியது நாலில் ஒன்றுகூட வராது. வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள், அவர்களைப் பற்றி வெளியார் எழுதிய இரண்டு கட்டுரை என் நூல்களில் இருக்கிறது, அவர்களில் ஒருவர் எழுதிய ஒரு பக்கம் இல்லை. கையெழுத்துப் பிரதி வந்தால் போடுவேன் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். யாரிடமிருந்து வரும்? விழாவுக்கு வருகிறவர்களிடமிருந்துதான் வரும், விழாவுக்கு நான் அழைக்கிறவர்கள்தான் வருவார்கள். வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தால் போதாது, பஸ் ஏறிப் போய்க் கேட்க வேண்டும், எழுதத் தெரியாதவர் சொன்னால் ஒலிப்பதிவு செய்து அவர் பெயரிலேயே போட வேண்டும். இந்த வருசம் இரண்டு தரம் வெருகலுக்குப் போனேன். ஒரு அம்மா சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

எங்கிருந்து அச்சாகிறது என்பதும் இதில் சேரும். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். அது 1895இல் சென்னையில் அச்சானது. இப்போதும் நாங்கள் கோப்பைச் சென்னைக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிட்டு லொறி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

*“இவ்வளவு கஷ்டம் ஏன்? பீடிஎப்பாகப் போட்டுவிட்டால் தாளும் மிச்சம், கறையானும் இல்லையே?” — வாசகர், நிலாவெளி*

போடலாம் தம்பி, ஆனால் அந்த பீடிஎப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்து போனில் ஒட்டிப் பாருங்கள். பாமினி என்கிற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை வந்து கொட்டும். கண்ணுக்குத்தான் அது தமிழ், கணினிக்கு இல்லை. பார்வையற்ற வாசகர் ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் கேட்டால் அந்தக் குப்பைதான் காதில் விழும். பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் நூல் கிடைக்க வேண்டும் என்று 2013இல் மரக்கேஷ் உடன்படிக்கை வந்தது, 2016இல் இலங்கையும் சேர்ந்தது. நாங்கள் இன்னும் பாமினியில் நிற்கிறோம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போதே, கணினியும் தமிழாகவே வாசிக்கிற யூனிகோட் எழுத்தில் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி மூன்று இடத்தில் வையுங்கள். இரண்டாம் பதிப்புக்குத் திரும்பத் தட்டச்சு செய்யும் கூலி மிச்சம். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் அனுமதியோடு கொடுங்கள், 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே இரவில் எரிந்த பிறகு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

*“ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்கு யாரிடம் போவது? முகவர் ஒருவர் காசு கேட்கிறார்.” — வாசகர், கிண்ணியா*

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டுகிற அந்த இலக்கத்துக்கு முகவர் வேண்டாம். கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். இலங்கை நூல்களின் இலக்கத்தில் 955 அல்லது 624 வரும், வேறு ஏதாவது வந்தால் கேள்வி கேளுங்கள்.

*“பழைய பிரதிகளை என்னதான் செய்வது?” — உப்புவெளி வாசகரோடு சேர்த்து இன்னும் ஐந்து பேர்*

50ஐ வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுங்கள், ஆனால் கட்டாகக் கொண்டுபோய் அதிபரின் அறையில் இறக்க வேண்டாம், அங்கேயும் ஒரு கட்டில் இருக்கிறது. ஒரு பாடசாலைக்கு இரண்டு பிரதி போதும். நீங்களே போய் ஒரு கதையை வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். அதற்கு முன்னர் எல்லாவற்றையும் ஒரு நாள் நல்ல வெயிலில் விரித்து வையுங்கள், மான் வராத இடமாகப் பார்த்து.