தன் முகத்தைத் தானே வரைதல்

கேள்வி: பென்னாகரம் பகுதியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். குழுப்படம் எடுக்கும்போது முகத்தை மறைத்துக்கொள்ளும் மாணவிகளுக்கு, தம் முகத்தைத் தாமே வரையும் பயிற்சிப் பட்டறை தன்னம்பிக்கை தருமா?

பதில்: தரும், ஆனால், அழகாக வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். தாளைப் பாராமல், கண்ணாடியை மட்டும் பார்த்து, பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக வரையச் சொல்லுங்கள். எல்லாருடைய கோடும் கோணலாகவே வரும் என்பதால் ஒப்பீட்டுக்கு அங்கே இடமிராது. பிறகு, உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண்கள் இருக்கின்றன என்பதை அளந்து பார்க்கச் செய்யுங்கள். புதிதாக வரைவோர் பெரும்பாலும் கண்களை மேலே ஏற்றிவிடுவர். அதைத் திருத்தியதும் படம் முகமாக மாறுவதைக் காணும் பிள்ளை, 'எனக்கு வரைய வராது' என்ற எண்ணத்தைத் தானே கைவிடத் தொடங்கும்.

1925ஆம் ஆண்டு பேருந்து விபத்தில் படுகாயமடைந்த மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோ, படுக்கைக்கு மேலே பொருத்திய கண்ணாடியைப் பார்த்துத் தம்மை வரைந்தார். இணைந்த புருவங்களை அவர் மறைக்கவில்லை என்பதை மாணவிகளுக்கு அவசியம் காட்டுங்கள். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் வீரன் ஏந்திய படைக்கலமே அவன் யார் என்று சொல்வதுபோல, முகத்தைச் சுற்றித் தமக்குரிய பொருள்களையும் அவர்கள் வரையலாம்.

இளஞ்சிவப்பு வண்ணக்கோலைத் 'தோல் நிறம்' என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நம் பெண்குழந்தைகளின் கூச்சத்துக்கு நிறம் பற்றிய பேச்சே பெருங்காரணம் என்பது என் உறுதியான கருத்து. பழுப்பையும் மஞ்சளையும் கலந்து தம் நிறத்தை அவர்களே கண்டறியட்டும். மதிப்பெண் வேண்டாம், படத்தைச் சுவரில் மாட்டுவதா என்பதையும் வரைந்தவரே முடிவு செய்யட்டும்.