13-13இல் ஒரு சர்வீஸ்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள். பள்ளிக் கைப்பந்துக் குழுவில் இருக்கிறாள். பயிற்சியில் பத்து சர்வீஸ் போட்டால் எட்டு, ஒன்பது சரியாக விழும். மாவட்டப் போட்டியில் கடைசி செட், 13-13. அவள் அடித்த பந்து வலையில் முட்டியது. ஆட்டமும் கைவிட்டுப் போனது. ‘இவளுக்கு மன தைரியம் போதாது’ என்று பயிற்றுநர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதிலிருந்து சர்வீஸ் என்றாலே பயப்படுகிறாள். நாங்கள் தோட்டத்தில் இருக்கிறோம். பயிற்சி முடியும்வரை இருந்தால் பஸ் போய்விடும். அவள் அப்பா மோட்டாரில் வர முடியாத நாளில் பாதியிலேயே கிளம்பிவிடுவாள். அடுத்த வருடம் படிவம் நான்கு. விளையாட்டை நிறுத்திவிடலாமா?

ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள அம்மா,

பயிற்சியில் பத்துக்கு எட்டு போடுகிற கைக்குச் சர்வீஸ் தெரியும். அது போட்டியில் ஏன் தவறுகிறது என்பதற்கு உளவியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. அதில் தைரியத்துக்குப் பெரிய பங்கில்லை.

நன்றாகப் பழகிய அசைவு தானாக நடக்கும். தோற்றுவிடுவோமோ என்ற கவலை வந்ததும் மனம் அந்த அசைவைப் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது: முழங்கை சரியா, மணிக்கட்டு சரியா என்று. படியிறங்கும்போது ஒவ்வொரு காலடியையும் யோசித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், தடுக்கும். உளவியலாளர் சியான் பைலாக் கோல்ஃப் ஆட்டத்தை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. ஆகவே தடுமாறிய பிள்ளையிடம் ‘கையைக் கவனி’ என்று கத்துவது தடுமாற்றத்தைக் கூட்டும்.

இன்றைய விதியும் பிள்ளைகள் மேல் கூடுதல் பாரத்தை ஏற்றியிருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டத் திடலில் வலை கட்டி ஆடிய பெரியவர்களைக் கேட்டால், ‘ஒரு சர்வீஸ்தானே, போனால் போகட்டும்’ என்பார்கள். அவர்கள் ஆடியபோது சர்வீஸ் தவறினால் சர்வீஸ் மட்டும்தான் கைமாறும், புள்ளி போகாது. 1999 வாக்கில் உலகம் முழுவதும் முறை மாறியது. இப்போது ஒவ்வொரு தவறும் எதிரணிக்கு ஒரு புள்ளி. கடைசி செட் 15 புள்ளிதான் என்பதால் 13-13இல் விட்ட சர்வீஸ் எல்லார் கண்ணிலும் உறுத்தும். அதற்கு முன் குழு விட்ட பதின்மூன்று புள்ளிகளை யாரும் பேச மாட்டார்கள்.

வலையில் முட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது பந்தைத் தூக்கிப்போடுவதில் வரும் கோளாறு. அவசரத்தில் பந்தைத் தாழ்வாக, முன்னால் தள்ளிப் போடுகிறார்கள். அதைத் துரத்தி உடம்பு சாய்கிறது, முழங்கை இறங்குகிறது, உள்ளங்கை பந்தின் மேல்பக்கத்தில் படுகிறது, பந்து வலைக்குள் போகிறது. தலைக்குப் பின்னால் தூக்கிப்போட்டால் நேர்மாறாக, எழும்பிக் கோட்டுக்கு வெளியே விழும். அப்பாவைப் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள்: பயிற்சியில் ஐந்து சர்வீஸ், ஆட்டத்தில் ஐந்து. தூக்கிப்போடும் உயரம் இரண்டிலும் ஒன்றுதானா என்று அவளே பார்க்கட்டும். பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டால் அடித்தே ஆக வேண்டும், இரண்டாவது முறை கிடையாது. அதனால் தூக்கிப்போடும் முன்பே மனம் நிலைப்பட வேண்டும்.

அதற்கு நேரம் இருக்கிறது. நடுவர் விசில் ஊதியபின் 8 விநாடி. பதறும் பிள்ளை இரண்டாம் விநாடியிலேயே அடித்துவிடும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள், ஆனால் ‘பதறாதே’ என்று சொல்வதால் பதற்றம் போவதில்லை. செய்வதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும். விசிலுக்கு முன்பே கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்று, எதிரணியில் இரண்டு பேருக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தேர்ந்துகொள்ளட்டும். விசில் கேட்டதும் பந்தைத் தரையில் இருமுறை தட்ட வேண்டும். மூச்சை இழுத்ததைவிட நீளமாக வெளியே விட வேண்டும். அந்த இடைவெளியை ஒருமுறை பார்த்து, மனதுக்குள் ‘உயரமாக’ என்று சொல்லித் தூக்கிப்போட்டு அடிக்க வேண்டும். ஐந்தாறு விநாடியில் முடியும். கவனத்தை உடம்பில் வைப்பதைவிடப் பந்து போய்ச் சேரும் இடத்தில் வைத்தால் அசைவு சீராகிறது என்று ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் பல விளையாட்டுகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார். இந்த வரிசையைப் பயிற்சியில் ஒரு சர்வீஸுக்குக்கூட விடக்கூடாது. போட்டியன்று மட்டும் செய்தால் அதுவே புதிய குழப்பமாகிவிடும்.

நெஞ்சு படபடக்கத்தான் செய்யும், அதை அடக்கப் போராட வேண்டாம். ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கரோக்கே பாடுமுன் ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் ‘பதற்றமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். உங்கள் மகளும் சொல்லிப் பார்க்கலாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய பஸ் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளிப் பயிற்சி வழக்கமாக எப்படிப் போகும்? முதலில் ஓட்டம், பிறகு தனித்தனித் திறன்கள், கடைசியில் புள்ளி எண்ணி ஓர் ஆட்டம். பாதியில் கிளம்பும் பிள்ளைக்கு அந்தக் கடைசிப் பகுதி கிடைப்பதே இல்லை. வரிசையாக முப்பது சர்வீஸ் போட்டுப் பழகுகிறாள், கை சூடாகி எல்லாம் தாண்டுகிறது. ஆட்டத்திலோ ஒரு சர்வீஸ் தவறினால், குழு ஆறு முறை சுழன்ற பிறகுதான் மறுபடி அவள் முறை வரும். அழுத்தத்தில் போடும் ஒற்றைச் சர்வீஸை அவள் பழகியதே குறைவு. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்த நிலைதான். அதைத் தைரியக் குறைவு என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயிற்றுநரிடம் குறை சொல்லப் போகாதீர்கள், ஓர் உதவி கேளுங்கள். பஸ் கிளம்பும் முன், பயிற்சியின் நடுவில் பத்து நிமிடம் போதும். மற்றவர்கள் வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் ‘13-13’ என்று சத்தமாகச் சொல்ல, திடலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி வந்து, மூச்சு வாங்கும்போதே ஒரே ஒரு சர்வீஸ். பிறகு அடுத்த பிள்ளை. ஆளுக்கு ஐந்து முறை. குழு சேர்ந்து இருபது சர்வீஸ் சரியாகப் போட வேண்டும் என்று இலக்கு வைக்கலாம். பதற்றத்தோடு பழகியவர்கள் போட்டி அழுத்தத்தில் தடுமாறாமல் நிற்கிறார்கள் என்று நெதர்லாந்தில் கூடைப்பந்து வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. தவறியவரைத் திடலைச் சுற்றி ஓடவிட வேண்டாம். பிள்ளை தண்டனையைத் தவிர்க்கப் பார்த்து, பந்தை மெதுவாகத் தள்ளிவிடப் பழகிவிடும்.

இன்னொன்றையும் அவரிடம் கேட்கலாம். ஒரு சர்வீஸ் தவறியதும் மாற்று ஆளை இறக்கினால், அடுத்த முறை அவள் கண் இலக்கைப் பார்க்காது, பெஞ்சைப் பார்க்கும். ‘செட்டுக்கு ஒரு தவறு பரவாயில்லை, உன்னை வெளியே எடுக்க மாட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பார்வை நின்றுவிடும். ஆட்டத்தின் நடுவே பயிற்றுநர் கேட்டு வாங்கும் 30 விநாடி இடைவேளையிலும் எங்கே அடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஆட்டத்தைப் பற்றி எடுக்க வேண்டாம். ஒரு மைலோ ஐஸ் வாங்கிக் கொடுத்து, அவளே பேசினால் கேட்கட்டும்.

நிறுத்தலாமா என்பதை இந்த மாதம் முடிவு செய்யாதீர்கள். ‘போட்டியே இல்லை, பயிற்சி மட்டும்தான் என்றால் போவாயா?’ என்று அவளிடம் கேளுங்கள். போவேன் என்றால் விளையாட்டு பிடித்திருக்கிறது, சர்வீஸ்தான் சிக்கல். ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். படிவம் நான்கு என்பதற்காக விட வேண்டியதில்லை. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில், விளையாட்டும் அடங்கிய புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு. மாட்டேன் என்றால் அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். போட்டி நாளில் வாந்தி, தூக்கமின்மை, பள்ளிக்கே போக மறுப்பது என்று போனால் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரை உடனே பாருங்கள்.

அன்புடன்.