மடிக்கும் சைக்கிளில் பின் பிரேக் கீச்சென்று கத்துகிறது, முன் பிரேக் பிடி கைப்பிடி வரை வந்துவிடுகிறது. இதை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

சரிசெய்யலாம். ஆனால் எதையும் இறுக்குவதற்கு முன்பும், எதிலும் எண்ணெய் விடுவதற்கு முன்பும் இதை முழுவதும் படித்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு கோளாறுகளும் எங்கள் வீட்டுச் சைக்கிளில் ஒரே சமயத்தில் இருந்தன. அவற்றை உரிய நேரத்தில் நான் பார்க்காமல் விட்டதால் என் மகளின் தாடையில் ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று.

நான் யாங்கோனில், பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். சைக்கிள் பழுதுபார்ப்பவன் அல்லன். நாங்கள் குடியிருப்பது ஆறாம் மாடி. லிஃப்ட் கிடையாது, படிக்கட்டில் ஒருவர் ஏறும்போது இறங்குகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சாதாரண சைக்கிளைக் கீழே தெருவில் விட்டால் மழையில் துருப்பிடிக்கும். அதனால்தான் ஜப்பானிலிருந்து பழையதாக வந்து இறங்கிய இருபது அங்குல மடிக்கும் சைக்கிள் ஒன்றை மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். உங்களுடையதும் அநேகமாக அதே போன்றதாகத்தான் இருக்க வேண்டும். பின் சக்கரத்தின் இடது பக்கத்தில், அச்சை ஒட்டி, வட்டமான தகரப் பெட்டி போன்ற ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் பட்டை பிரேக். கீச்சென்ற சத்தம் அதிலிருந்துதான் வரும்.

அந்தப் பெட்டிக்குள் சக்கரத்தோடு சுற்றும் ஓர் உருளை உண்டு. உள்பக்கம் தேய்மானப் பூச்சு ஒட்டிய எஃகுப் பட்டை ஒன்று அந்த உருளையை வெளியிலிருந்து வளைத்துக் கட்டியிருக்கும். பிரேக்கை அழுத்தும்போது பட்டை உருளையை இறுகப் பிடிக்கும். நாளடைவில் பூச்சு வழவழப்பாகிப் பளபளத்துவிட்டால், பிடிக்கும்போது பட்டை அதிர்ந்து கத்தத் தொடங்கும். மழைக்கால ஈரத்திலும் தூசியிலும் சத்தம் இன்னும் கூடும். எங்கள் சந்தில் அவள் வருவது மூன்று வீடு தள்ளியே கேட்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி குறைபட்டுக்கொண்டதால் அருகிலிருந்த ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் முன் பிரேக் கம்பியை இழுத்து இறுக்கினார். பின் பெட்டியின் இடுக்கில் எண்ணெய் விட்டார். சத்தம் அந்த நிமிடமே நின்றது.

மறுநாள் மாலை வீடு திரும்பிய மகள், "அப்பா, சத்தம் போயிடுச்சு, ஆனா பின்னாடி பிடிக்கவே மாட்டேங்குதுப்பா" என்றாள். "எண்ணெய் புதுசும்மா, ரெண்டு நாள்ல காஞ்சு சரியாயிடும்" என்று நான் சொன்னேன். அந்தப் பதிலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பிரேக்கின் வேலையே உராய்வு. உராயும் இடத்தில் எண்ணெய் பட்டால் அங்கே பிரேக் இல்லை என்றே பொருள். பூச்சு உறிஞ்சிய எண்ணெய் இரண்டு நாளில் காயாது, துடைத்தாலும் முழுவதும் போகாது. இதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மழையில் டியூஷன் முடிந்து வரும்போது, சந்து முனையில் ஒரு சைக்கா, அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, குறுக்கே நின்றிருக்கிறது. பின் பிரேக்கைப் பிடித்திருக்கிறாள், நிற்கவில்லை. முன் பிரேக்கை முழு பலத்தோடு பிடித்திருக்கிறாள், கம்பி அறுந்து பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. சைக்காவின் இரும்புச் சட்டத்தில் தாடை மோதியது. சைக்கா ஓட்டியவர்தாம் அவளைத் தூக்கி உட்கார வைத்து, எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

அன்றிரவு சைக்கிளைக் கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்தபோதுதான் முன் பிரேக்கின் உண்மை தெரிந்தது. கம்பி அறுந்திருந்த இடம் பிரேக்கின் அருகில் அன்று. ஹேண்டில் பார் மடியும் கீலுக்கு நேராக, கம்பியை மூடியிருக்கும் உறையான அவுட்டருக்கு உள்ளே. அங்கே மேல் பிளாஸ்டிக் வெடித்து, உள்ளிருக்கும் சுருள் கம்பி துருவேறி வாய் பிளந்திருந்தது. தினமும் இரண்டு முறை மடித்து விரித்ததில் அதே இடத்தில் கம்பி ஒடிந்து ஒடிந்து, இழைகள் ஒவ்வொன்றாக வெகு நாளாகவே அறுந்து வந்திருக்கின்றன. பிடி தளர்ந்த ஒவ்வொரு முறையும் கடையில் கம்பியை இறுக்கினார்கள். தளர்வு மறைந்தது, அறுந்துகொண்டிருந்த கம்பி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பின்னால் எண்ணெய் செய்த வேலையை முன்னால் ஸ்பானர் செய்திருந்தது.

ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை அல்ல, கீலை. மடிக்கும் சைக்கிளுக்கும் மற்ற சைக்கிளுக்கும் உள்ள வேறுபாடே அங்கேதான் இருக்கிறது. முன் பிரேக் கம்பி ஹேண்டில் பார் கீலைத் தாண்டிப் போகும். பின் பிரேக் கம்பி அதையும் தாண்டி, நடுச் சட்டத்துக் கீலையும் கடந்து போகும். சைக்கிளை விரித்து வைத்து ஒரு முறையும், மடித்து வைத்து ஒரு முறையும் பிரேக் பிடியை அழுத்திப் பாருங்கள். மடித்திருக்கும்போது தானாகவே பிரேக் பிடித்துக்கொண்டால் அவுட்டரின் நீளம் போதவில்லை. இரண்டு நிலையிலும் அழுத்தம் கரகரவென்று இருந்தால், அல்லது பிடியை விட்ட பிறகு அது மெதுவாகத் திரும்பினால், உள்ளே துரு இருக்கிறது, அல்லது இழை அறுந்திருக்கிறது. ஐயம் இருந்தால் பிரேக் பக்கத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, அவுட்டருக்குள் ஓடும் கம்பியான இன்னரை இரு முனையிலும் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேனும் தடுக்கினால் இன்னர், அவுட்டர் இரண்டையுமே மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அவுட்டர் வாங்கும்போது கவனமாக இருங்கள். பிரேக் அவுட்டர் வேறு, கியர் அவுட்டர் வேறு. சாதாரண பிரேக் அவுட்டர் 5 மில்லிமீட்டர் தடிமன். வெட்டிய முனையைப் பார்த்தால் உள்ளே தட்டையான கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டர் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். அதில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் நிற்கும். பிரேக்கின் இழுவையைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை. அழுத்தம் கூடினால் வெடித்துப் பிரிந்துவிடும். இன்னரும் அப்படியே, பிரேக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், கியருக்கு அதைவிட மெல்லியது. எனக்கு முதல் முறை ஒரு கடையில், பிரேக்குக்கு என்று தெளிவாகச் சொல்லியும், கியர் அவுட்டரை வெட்டிக் கொடுத்தார்கள். தையல் பிரிக்காத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பியை வாங்கி வந்தேன். சிறு பிள்ளைகள் ஓட்டும் வண்டிக்கு எது கொடுக்கிறோம் என்று பாராமல், கையில் அகப்பட்டதை வெட்டிக் கொடுப்பவர்கள் மீது எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை. வீட்டுக்கு வந்து முனையைப் பார்த்ததால் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

நீளத்தைப் பழைய அவுட்டரை வைத்து அளந்துவிடாதீர்கள்; பழையதே தவறான நீளமாக இருந்திருக்கலாம். புதிய அவுட்டரைச் சற்று நீளமாகவே வைத்துக்கொண்டு, ஹேண்டில் பாரை இரு பக்கமும் திருப்பி, பிறகு சைக்கிளை மடித்துப் பார்த்து வெட்டுங்கள். எந்த நிலையிலும் அது விறைக்கக் கூடாது. கீலின் இடுக்கில் போய் நசுங்கும் அளவுக்குத் தொங்கவும் கூடாது. வெட்டிய முனையை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, நசுங்கிய துளையை ஆணி முனையால் திறந்துவிடுங்கள். இன்னரைச் செருகும் முன் அதன் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். எண்ணெயே ஆகாது என்று எழுதிவிட்டு இப்போது கிரீஸ் தடவச் சொல்கிறேனே என்று யாரும் கேட்க வேண்டாம். அவுட்டருக்குள் கம்பி வழுக்க வேண்டும், பிரேக் கட்டையிலும் உருளையிலும் ரிம்மிலும் வழுக்கக் கூடாது. கிரீஸ் தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் ரிம்மைத் தொட வேண்டும்.

கம்பியை மாட்டும்போது, பிடியில் இருக்கும் அட்ஜஸ்டர் திருகை முழுவதும் உள்ளே திருகி, பிறகு இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இரு பிரேக் கட்டைகளையும் கையால் ரிம்மோடு அழுத்திப் பிடித்து, கம்பியை இழுத்து நட்டை முடுக்குங்கள். பிறகு பிடியைப் பத்து முறையாவது பலமாக அழுத்துங்கள். புதுக் கம்பி அப்போதுதான் தன் இடத்தில் அமரும். தளர்வு தெரிந்தால் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். முழு பலத்தோடு அழுத்தினாலும் பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். கட்டை முழுவதும் ரிம்மில் படிய வேண்டும். டயரை உரசினால் டயர் கிழியும். பழைய சைக்கிளில் யாரோ சக்கரத்தை மாற்றியிருந்தால் இது என்ன செய்தும் சரிவராது. இருபது அங்குலம் என்ற ஒரே பெயரில் 406, 451 மில்லிமீட்டர் விட்டம் என்று இரண்டு அளவு ரிம்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு அமைந்த பிரேக் மற்றதற்கு இருபத்திரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சிட்டிருக்கும்.

கட்டை பளபளத்திருந்தால் உப்புத்தாளால் மேல்தோலைத் தேய்த்து, பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் எடுத்துவிட்டு, ரிம்மை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றுவதால் அதன் ரிம்மை அடிக்கடி பார்ப்பது நல்லது.

பின் பட்டை பிரேக்குக்கு வருகிறேன். யாரும் இன்னும் எண்ணெய் விடவில்லையென்றால், கம்பி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து, பெட்டியின் அருகில் உள்ள திருகில் தளர்வைச் சரிசெய்யலாம். சத்தம் கொஞ்சம் இருந்தாலும், பிடிக்கிறதென்றால் ஓட்டுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டுவிட்டார்கள் என்றால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் சர்வோ பிரேக் என்று ஒன்று இருக்கிறது. பட்டை பிரேக் இருந்த அதே இடத்தில் பொருந்தும், கத்துவது மிகக் குறைவு. அதை மாற்றுவதை மட்டும் நான் வீட்டில் செய்யவில்லை. உருளை அச்சுக் குடத்தின் (ஹப்) மரையில் இறுகியிருக்கும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் இன்னும் இறுகியிருக்கும். அரை மணி நேரம் முயன்று, மரையைக் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சி, தாம்வே பக்கத்தில் ஒரு முதிய பர்மியரிடம் கொண்டுபோனேன். கைத்தொழில் அறிந்தவரை இங்கே ஸயா என்றுதான் அழைப்போம். அந்த ஸயா எண்ணெய் ஊறிய பட்டையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, யார் விட்டது என்றுகூடக் கேட்காமல் வேலையைத் தொடங்கினார். முடித்ததும் என் மகளையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கடைக்காரர்கள் பிழைப்பைக் கெடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை என்பதற்காகவே அவரைக் குறிப்பிடுகிறேன். அவரைப் போன்றவர் கிடைத்தால் தாராளமாகக் கடைக்கே போங்கள்.

இன்னும் இரண்டு. ஜப்பான் சைக்கிளில் வலக்கைப் பிடி முன் பிரேக்குக்கு உரியது. வேறு நாட்டு வண்டிகளில் இது மாறியிருக்கலாம். கம்பி மாற்றும்போது, ஓட்டுகிறவருக்குப் பழகிய கையிலேயே மாட்டுங்கள். உங்கள் முன் பிரேக் வி வகையாக, அதாவது சக்கரத்தின் இரு பக்கமும் நிற்கும் நீண்ட இரு கரங்களைக் கம்பி ஒன்றாக இழுக்கும் வகையாக இருந்தால், கம்பி நுழையும் வளைந்த உலோகக் குழாய் மடிக்கும்போது தன் கொக்கியிலிருந்து நழுவக்கூடும். நழுவினால் பிரேக் துளியும் பிடிக்காது.

அதனால் ஒவ்வொரு முறை விரித்த பிறகும் ஏறும் முன் சோதியுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னே தள்ளினால் பின் சக்கரம் மேலே எழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். பின்னோக்கி இழுத்துச் சோதிக்காதீர்கள். முன்னோக்கிச் சுற்றும்போதுதான் உருளை பட்டையைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும், பின்னோக்கிப் பிடிப்பு குறைவாகவே இருக்கும். என் மகள் இப்போது படிக்கட்டின் அடியில் இதைச் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். நான் பால்கனியில் நின்று பார்க்கிறேன்.

உங்கள் பின் பிரேக் எந்த வகை என்று பார்த்து எழுதுங்கள். அதில் எண்ணெய் பட்டிருந்தால், பதில் வரும் வரை அந்தச் சைக்கிளை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.