கணினி கேள்வி–பதில்: திறக்க மறுக்கும் மலர்க் கோப்பு

கேள்வி: எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்காகத் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, மன்றக் கணினியில் இருந்ததை நீக்கிவிட்டோம். வீட்டில் திறந்தால், கோப்பு பழுதடைந்திருப்பதாகச் செய்தி வருகிறது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பென்டிரைவை ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? மேலும், பழைய கட்டுரை ஒன்று திறக்கிறது. ஆனால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன.
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஃபார்மட் செய்யவே வேண்டாம். அதனால் பென்டிரைவ் சரியாகலாமே தவிர, உங்கள் கோப்பு திரும்பி வராது. முதலில் மன்றக் கணினியின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். மூலக் கோப்பு அங்கே இருந்தால் கவலை அத்துடன் தீர்ந்தது. இல்லையென்றால், பென்டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல், பழுதான கோப்பை வீட்டுக் கணினிக்கு நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் கை வையுங்கள்.

நகலின் அளவு சுழியம் என்று காட்டினால் அதற்குள் ஒன்றுமே இல்லை. அளவு இருந்தால், அதை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள். 2007 பதிப்பு முதல் வேர்ட் பயன்படுத்தும் டாக்எக்ஸ் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஜிப் பொதி. ஆகவே அதன் தொடக்கத்தில் பி, கே என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிய வேண்டும்; அவை 1989-இல் ஜிப் முறையை உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள். அவை இருந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. முழுவதும் வெற்றிடமாகத் தெரிந்தால் அந்த நகலிலிருந்து மீட்க எதுவும் இல்லை.

நகலெடுத்து முடியும் முன்பே பென்டிரைவைப் பிடுங்கியிருப்பீர்கள் என்பது என் ஊகம். ஜிப் பொதியின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசிப் பகுதியில் இருப்பதால், வால்பகுதி மட்டும் விடுபட்டாலும், முன்னால் உள்ள எழுத்தெல்லாம் நன்றாக இருக்கும்போதே, முழுக் கோப்பும் கெட்டுவிட்டதாக வேர்ட் சொல்லும். வேர்டின் ஓப்பன் பெட்டியில் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பொத்தானை ஒட்டியுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி, ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ என்பதைக் கொடுங்கள். அது பலிக்காவிட்டால், கோப்புப் பெயரின் இறுதியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றி, செவன்-ஜிப் என்னும் இலவச மென்பொருளால் பிரித்துப் பாருங்கள். வேர்ட் என்ற உறைக்குள் ‘டாக்குமென்ட்’ என்னும் எக்ஸ்எம்எல் கோப்பில் உங்கள் தமிழ் வரிகள் குறியீடுகளுக்கு இடையே அப்படியே கிடக்கும். படங்கள் ‘மீடியா’ உறையில் இருக்கும். பக்க வடிவமைப்பு போய்விடும் என்றாலும், கட்டுரைகளை மறுபடி தட்டச்சு செய்வதோடு ஒப்பிட்டால் இது பெரிய மிச்சம்.

பழைய கட்டுரைக்குப் பழுது ஏதும் இல்லை. யூனிகோடு என்னும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். தட்டச்சு செய்தவரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டு அதை நிறுவிக்கொள்ளுங்கள்; பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றெழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் ஒரு முறை சரிபார்த்த பின்னரே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.