பூட்டிய கதவும் ராசுவும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு நாய்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள் என்பதால் இதைக் கேட்கிறேன்.

சின்னமனூரில் தனியாக இருந்த என் அப்பா தை மாதம் காலமானார். அவர் வளர்த்த நாட்டு நாய் ராசுவை, ஏழு வயது, கோவையில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். நாங்கள் கூட இருந்தால் ராசு தங்கம். நானும் கணவரும் வேலைக்கும் பையன் பள்ளிக்கும் கிளம்பிக் கதவைப் பூட்டியதும் ஊளை ஆரம்பிக்கிறது. மதியம் வரை ஓய்வதில்லையாம். பிறாண்டிப் பிறாண்டி கதவின் உள்பக்க பிளைவுட் பிய்ந்து தொங்குகிறது. ஹாலில் சிறுநீர். மாலையில் நாங்கள் நுழைந்ததும் காதை மடக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய்விடுகிறது. தப்பு செய்தது அதற்குத் தெரிகிறது, ஆனாலும் மறுநாள் அதையேதான் செய்கிறது. தனியாக விட்டதற்குப் பழி வாங்குகிறது என்கிறார் கணவர். பையன் லீவு போட்டு வீட்டில் இருந்தால் மட்டும் சத்தமில்லாமல் தூங்குகிறது.

அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு புகார். கூண்டு வாங்கு என்கிறார் ஒருவர், இன்னொரு நாய் வாங்கு என்கிறார் இன்னொருவர். பெட் ஷாப்பில் தூக்க மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். ஊரில் யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசித்தால் அழுகை வருகிறது.

அப்பாவின் துண்டை அதன் படுக்கையில் போட்டு வைத்திருக்கிறேன். நாற்றம் அடிக்கிறது. துவைக்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

துண்டு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை.

ராசுவுக்குப் பழி வாங்கத் தெரியாது. சோபாவுக்குப் பின்னால் ஒளிவது குற்ற உணர்ச்சியும் இல்லை. நியூயார்க் பர்னார்ட் கல்லூரியில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டது என்று அவரிடம் சொல்வார்கள். சில சமயம் அது பொய். அந்தத் 'திருட்டு முழி' வந்ததற்கும் நாய் தின்றதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. உரிமையாளர் திட்டினால் முழி வந்தது. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் அதிகமாக வந்தது. ராசு படிப்பது உங்கள் முகத்தை. காலையில் பிய்த்த கதவுக்கும் மாலையில் விழும் திட்டுக்கும் அதால் முடிச்சுப் போட முடியாது.

இது பயம். செபரேஷன் ஆங்சைட்டி என்பார்கள். பதற்றம் என்று சொல்வதே குறைவு, தனியாக மாட்டிக்கொண்ட பீதி. நாய் கதவைப் பிறாண்டுவது நீங்கள் போன வழியே தானும் வெளியேற.

எங்கள் செவலைக்கும் இதுவே இருந்தது. அப்போது மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஒருநாள் கிளம்பும்போது அவளுக்கு உயிரான வறுத்த நெத்திலியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தால் தட்டு அப்படியே இருக்கிறது, எறும்பு மொய்த்து. கதவோரம் தரையில் குளம் மாதிரி எச்சில். முன்னங்கால் நகம் ஒன்று பிளந்து ரத்தம். நான் உள்ளே நுழைந்த மறுநிமிடம் எறும்போடு சேர்த்து நெத்திலியை அள்ளித் தின்றாள். பயந்த வயிற்றுக்குள் நெத்திலிகூட இறங்காது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை செய்தித்தாளைச் சுருட்டி அடித்திருக்கிறேன். அதன் பிறகு நான் வாசலில் செருப்பைக் கழற்றினாலே ஒன்றுக்குப் போய்விடுவாள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். கிளம்பும்போது கோழித்துண்டு வையுங்கள். பழைய செல்போன் ஒன்றில் வீடியோ காலைப் போட்டு, உங்கள் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு, கதவைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள். கீழே வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். சலிப்பில் குரைக்கிற நாய் கோழியைத் தின்றுவிட்டு அப்புறம் சோபாவைக் கடிக்கும். பீதி பிடித்த நாய் பெரும்பாலும் கோழியைத் திரும்பியும் பார்க்காது. எத்தனையாவது நிமிடத்தில், அல்லது நொடியில், ராசு பதறத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

கூடவே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஏழு வயது நாய்க்கு மூட்டு வலியோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். அதைத் தீர்க்காமல் பழக்கினால் பலன் இருக்காது.

சரி, பழக்குவது எப்படி? சிகிச்சை முடியும் வரை, பாடத்துக்காகத் தவிர, ராசுவைத் தனியாக விடவே கூடாது. கஷ்டம்தான், தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் பீதியில் இருக்கிற நாய்க்குக் காலையில் பத்து நிமிடம் பாடம் நடத்தி என்ன பயன்? பையன் இருந்தால் தூங்குகிறது என்றீர்களே, உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான். நீங்கள்தான் வேண்டும் என்றில்லை, யாராவது ஒரு ஆள் போதும். வேலைக்கு வரும் அக்கா, கீழ்வீட்டுப் பாட்டி, காசு கொடுத்தால் ஹாலில் உட்கார்ந்து படிக்கிற ஒரு கல்லூரிப் பையன். நாள்கள் மாறி மாறி ஆபீஸ் போக முடிந்தால் நீங்கள் இருவருமே சமாளிக்கலாம்.

அப்புறம் பாடம். நீங்கள் கிளம்புகிறீர்கள் என்பது ராசுவுக்குக் கதவு மூடும்போது தெரிவதில்லை. டிபன் பாக்ஸ் மூடும்போதே, ஹெல்மெட்டை எடுக்கும்போதே தெரிந்துவிடும். அதனால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து டிவி பாருங்கள். சாவிக்கொத்தை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டுங்கள். நான் ஹெல்மெட்டோடு வெங்காயம் உரித்ததைப் பார்த்து வீட்டில் என்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தார்கள். சாவிச் சத்தத்துக்கு நாய் தலை தூக்காமல் படுத்திருக்கும் நாள் வரை இதைச் செய்யுங்கள்.

பிறகு கதவு. கைப்பிடியைத் தொட்டுவிட்டு வாருங்கள். திறந்து மூடுங்கள். வெளியே ஒரு நொடி நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். பதற்றம் தொடங்கும் எண் முப்பது நொடி என்றால் நீங்கள் இருபதைத் தாண்டக்கூடாது. பத்து, நாலு, பதினைந்து, இரண்டு என்று ஏற்றி இறக்குங்கள். ஏற்றிக்கொண்டே போனால் அடுத்தது இன்னும் நீளம் என்று அது கணக்குப் போட்டுவிடும். பதறிவிட்டதா? நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், மறுநாள் பாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் முழுக்க நான் கதவுக்கு வெளியே நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு டம்ளர் காபிகூட ஆறியிருக்காது. முதல் அரை மணி நேரத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு, அதற்குப் பிறகு வேகமாக நீளும். செவலைக்கு அரை நாள் தனியாக இருக்க நான்கு மாதம் ஆனது.

கூண்டு வேண்டாம். பீதியில் இருக்கும் நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். இன்னொரு நாயும் வேண்டாம். ராசுவுக்குத் தேவை மனுஷத் துணை என்பதால் கடைசியில் இரண்டும் ஊளையிட வாய்ப்பு அதிகம்.

தூக்க மாத்திரை கூடவே கூடாது. சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கிடத்திப் போடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். முறையான மருந்துகள் உண்டு. நாய்களின் இந்தப் பிரச்சினைக்கென்றே அமெரிக்காவில் குளோமிப்ரமினுக்கு 1998இலும் ஃப்ளூயாக்ஸெடினுக்கு 2007இலும் அனுமதி கிடைத்தது. எடை பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும், வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பழக்கலும் கூடவே நடக்க வேண்டும். மருந்து கொடுப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்.

அசோசியேஷனைப் பற்றி. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குரைப்பதைக் காரணம் காட்டி வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. ஆனால் அதை எடுத்துக் குழுவில் போடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் பணியாரத்தோடு போய், அப்பாவின் நாய் என்பதையும் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் ஊளை கேட்கிற மனிதர்களும் பாவம்தானே.

ஒன்று யோசித்தேன். சின்னமனூர் வீட்டில் பகலில் கதவு சாத்தியிருந்திருக்குமா? அப்பா கடைக்குப் போனால் அதுவும் பின்னாலேயே போயிருக்கும், இல்லையென்றால் திண்ணையில் படுத்துத் தெருவைப் பார்த்திருக்கும். ஏழு வயதில் ஒரே மாதத்தில் ஆளும் போய், வீடும் போய், தெருவும் போய்விட்டது. யாரிடமாவது கொடுத்தால் இன்னொரு முறை அதே நடக்கும். வேறு வழியே இல்லாவிட்டால் தவிர அதைச் செய்ய வேண்டாம்.

துண்டு. அந்த வாசனை ராசுவைக் குணப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இப்போதைக்குத் துவைக்காதீர்கள். விருந்தாளி வந்தால் மட்டும் எடுத்து உள்ளே வையுங்கள், அவர்கள் போனதும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்.